புதன்கிழமை என்னுடையது!

"நேரம் எங்கேம்மா இருக்கு?" நம் பெண்களிடம் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழுகிற பதில் இதுதான். 'ஸ்வெட்டர் பின்னக் கத்துக்கறதுதானே' என்றாலும் இதே பதில். 'பள்ளிக்கூடத்தில் அவ்வளவு அழகாகக் கட்டுரை எழுதுவாயே, இப்போது ஏன் எழுதுவதில்லை?' என்றாலும் இதே பதில். அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் ஒரு குடும்பத்தை நடத்துகிறவள்தான்.

வாருங்கள், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் ஏழு மணி நேரத் தூக்கம் என்று வைத்துக் கொண்டால் 49 போச்சு. மீதி 119. இதில் வீட்டு வேலைக்கு எவ்வளவு? மத்திய அரசு 2019இல் நாடு முழுவதும் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளம் இல்லாமல் செய்கிற வீட்டு வேலைகளுக்கு, அந்த வேலைகளைச் செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று அதில் தெரிய வந்தது. அதே வேலைகளைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிஷம். 299 நிமிஷத்தை ஏழால் பெருக்கினால் வாரத்துக்கு ஏறக்குறைய 35 மணி! குழந்தையைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, பெரியவர்களைக் கவனிப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. அது தனி.

ஆகவே 'நேரமில்லை' என்பது சோம்பேறித்தனம் அல்ல, உண்மைதான். ஆனால் 168 மணியில் நான் உங்களைக் கேட்கச் சொல்வது இரண்டே இரண்டு மணி நேரம். அதுவும் யாரிடமிருந்தும் பிடுங்கிக் கொள்ள அல்ல. உங்களுக்காக நீங்களே எடுத்து வைத்துக் கொள்ள.

எனக்கு ஏன் தேவைப்பட்டது?

நான் பிறந்தது ஈரோடு பக்கம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்தேன். வெயிலில் வளர்ந்த எனக்கு இந்தக் குளிரும் மூடுபனியும் புதிது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக் கொண்டால் நாலைந்து நாள் துணி காயாது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் தேயிலைக் கம்பெனி ஆபீசுக்குப் போய் விடுவார். குழந்தைகள் பள்ளிக்கூடம். சமைப்பது, கழுவுவது, துவைப்பது, மறுபடியும் சமைப்பது. காலையில் செய்ததெல்லாம் ராத்திரிக்குள் காலியாகி விடும். மறுநாள் முதலிலிருந்து! செய்தது நிற்கிறது என்று காட்ட ஒரு பொருளும் மிஞ்சாது. காரணமில்லாமல் குழந்தைகள் மேல் எரிந்து விழுவேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் இருந்தார். திண்ணையில் வெயில் விழுந்தால் போதும், ஊசியும் உல்லன் நூலுமாக உட்கார்ந்து விடுவார். அவர்தான் எனக்குக் கண் போடக் கற்றுக் கொடுத்தார். முதல் மஃப்ளர் முடிய இரண்டு மாதம் ஆயிற்று. ஓரம் கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கழுத்தில் சுற்றிக் கொண்டு மகள் பள்ளிக்குப் போன அன்று எனக்குள் ஏற்பட்ட திருப்தியை வார்த்தையில் சொல்ல முடியாது. சாம்பார் மாதிரி அது சாயங்காலத்துக்குள் தீர்ந்து போகவில்லை. மறுநாளும் இருந்தது. அடுத்த வருஷமும் இருந்தது!

ஏன் புதன்கிழமை?

2017 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். 'நேரம் கிடைக்கும்போது' என்று காத்திருந்தால் கிடைக்கவே கிடைக்காது. எங்கள் மலையில் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். அதற்கு அது சரி. நம்முடைய ஆசையும் அப்படிக் காத்திருக்க வேண்டுமா என்ன?

காலண்டரை எதிரில் வைத்துக் கொண்டு ஒவ்வொரு கிழமையாகப் பார்த்தேன். திங்கள் துணி துவைக்கும் நாள். செவ்வாய் மார்க்கெட். வெள்ளி வீடு கழுவிப் பூஜை. சனி, ஞாயிறு குழந்தைகள் வீட்டில், விருந்தாளிகளும் வருவார்கள். வியாழன் சங்கக் கூட்டம். மிஞ்சியது புதன். மதியம் 2 முதல் 4 வரை எனக்கு என்று பென்சிலால் வட்டம் போட்டேன்.

வட்டம் போட்டால் மட்டும் நேரம் வந்து விடாது. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். நான் செய்வது இதுதான்.

செவ்வாய் ராத்திரியே இட்லி மாவு தயாராக இருக்கும். புதன் மதியத்துக்கு ஒரே பாத்திரச் சமையல். எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம்தான். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாம் ஒரே குக்கரில். தொட்டுக் கொள்ள அப்பளமும் தயிரும். இதில் காலையில் முக்கால் மணி நேரம் மிச்சம். பாத்திரமும் குறைவு.

இரண்டு மணிக்குக் கைபேசி அரிசி டப்பாவுக்குள் போய் விடும். சிரிக்காதீர்கள்! மேஜை மேல் வைத்தால் கை தானாகப் போகிறது. அரிசிக்குள் இருந்தால் மணியடிப்பது கேட்கும், எடுத்துப் பார்த்துக் கொண்டே இருக்கத் தோன்றாது. பள்ளிக்கூடத்திலிருந்து அவசரமாக அழைத்தால் எடுத்துப் பேசலாம்.

முதல் ஒரு மணி பின்னல். அடுத்த அரைமணி எழுத்து. கடைசி அரைமணி சும்மா! ஆமாம், சும்மாதான். ஒரு புத்தகம் புரட்டுவேன், தோட்டத்தைச் சுற்றி வருவேன், ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பேன். அந்த அரைமணியில்தான் அடுத்த வாரத்துக்கு யோசனை பிறக்கிறது.

வீட்டில் என்ன சொன்னார்கள்?

முதலில் என் வீட்டுக்காரர் சிரித்தார். "நாலு மணி வரைக்கும் டீ கிடையாதா?" என்று கேட்டார். லீவு நாளில் அவரே ஒரு புதன்கிழமை டீ போட்டார், சர்க்கரை கூடத்தான். நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். அடுத்த தடவை சரியாக இருந்தது. குறை சொல்லி அடுப்படியை விட்டு ஆண்களை விரட்டினால் நஷ்டம் நமக்குத்தான் சகோதரிகளே!

மகனுக்கு அப்போது ஏழு வயது. "அம்மா, நீ என்ன பண்றே?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வருவான். 'பெரிய முள் இங்கே வரும் வரைக்கும் அம்மாவுக்குப் பள்ளிக்கூடம்' என்று கடிகாரத்தைக் காட்டினேன். பள்ளிக்கூடம் என்றால் குழந்தைகளுக்குப் புரிகிறது.

2019இல் என் மாமனார் காலமானார். காரமடைப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்க முடியாமல் அத்தை எங்களோடு வந்து விட்டார். வந்த புதிதில் அவருக்கு என் புதன்கிழமை பிடிக்கவே இல்லை. "ஏ அம்மிணி, ஊசியும் நூலுமா உக்காந்துட்டா ஊட்டு வேலையெல்லாம் ஆரு பாக்கறது? காசு குடுத்தா கடையில சொட்டர் கெடைக்காதாக்கும்?" என்பார். நான் எதிர்த்துப் பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. "அத்தைங்க, நாலு மணிக்கு வந்திடறேனுங்க" என்பேன். சொன்னபடி நாலு மணிக்கு எழுந்து விடுவேன். நாம் நேரத்தைக் கறாராக மதித்தால்தான் மற்றவர்களும் மதிப்பார்கள். இது என் அனுபவம்.

2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலேயே! மதியம் இரண்டு மணிக்குத் தனிமையாவது, ஒன்றாவது! அந்த மாதங்களில் புதன்கிழமையை விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றிக் கொண்டேன். நேரம் மாறலாம், நாள் தவறக் கூடாது.

யோசனை எங்கிருந்து வருகிறது?

'பின்னத் தெரியும், எழுதத் தெரியும், ஆனால் ஒன்றும் தோன்றவில்லையே' என்பவர்கள் உண்டு. வெளியே தேட வேண்டாம். நம் வாசலிலேயே இருக்கிறது.

புள்ளிக் கோலத்தைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண் என்று வரையுங்கள். இரண்டு நிற நூலில் பின்ன அருமையான டிசைன் கிடைத்து விடும். ஒரு விஷயம் மட்டும் கவனம். பின்னலில் ஒரு கண் உயரத்தைவிட அகலம் அதிகம். அதனால் நோட்டில் சதுரமாக இருக்கும் கோலம் துணியில் கொஞ்சம் குள்ளமாகத் தெரியும். இடையில் ஓரிரு வரிசை சேர்த்துக் கொண்டால் சரியாகி விடும்.

எங்கள் நீலகிரியில் தோடர் பெண்களின் பூவேலையைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓட்டுவார்கள். துணியில் பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை விடுவார்கள். அவர்கள் போர்த்திக் கொள்ளும் பூத்துக்குளியில் இந்த வேலைப்பாடுதான் இருக்கும். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பார்த்து விட்டு வந்த வாரம் நான் ஒரு வெள்ளை மஃப்ளரின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓட்டினேன். அவர்கள் வேலை அவர்களுடையது. அதைக் காப்பியடிக்க வேண்டியதில்லை. 'எண்ணிக்கை தப்பாமல் இருந்தால் அழகு தானே வரும்' என்பதை அதிலிருந்து எடுத்துக் கொள்ளலாம்.

அடுப்படியிலிருந்து எழுதியவர்கள்

எழுதுவதென்றால் பெரிய படிப்பு வேண்டும் என்று நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைவுபடுத்துகிறேன். சின்னஞ்சிறு வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. சரளமாக எழுத வராத காலத்திலேயே மனசில் கதை வந்து விட்டது. தான் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாளை எழுத வைத்து 'இந்திரமோகனா' என்ற நாடகத்தை உருவாக்கினார். 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார்!

வங்காளத்தில் ஆஷாபூர்ணா தேவி. அவரும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். குடும்பத்தைக் கவனித்துக் கொண்டே எழுதினார். 1976ஆம் வருஷத்து ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். நம் ராஜம் கிருஷ்ணனும் இளம் வயதில் கல்யாணமானவர். கணவரின் வேலை காரணமாக எங்கள் நீலகிரியில் வாழ்ந்தவர். இங்கே கண்ட படகர் வாழ்க்கையைத்தான் 'குறிஞ்சித் தேன்' நாவலாக எழுதினார். 1973இல் சாகித்ய அகாதமி பரிசும் பெற்றார்.

நாமெல்லாம் அவர்களைப் போல ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதினால் வருஷத்துக்கு 52 பக்கம். மேலே தேதி போடுங்கள். அந்த வாரம் பார்த்த ஒன்று, கேட்ட ஒன்று, மனசை உறுத்திய ஒன்று. இந்த மூன்றையும் எழுதினாலே பக்கம் நிறைந்து விடும். இலக்கணம் பார்க்க வேண்டாம், பேசுகிற மாதிரியே எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆரம்பிக்க ஒரு குட்டித் தொப்பி

பிறந்த குழந்தைக்கான தொப்பி இது. மூன்று புதன்கிழமையில் முடிந்து விடும். மெல்லியதும் இல்லாமல் தடியும் இல்லாமல் நடுத்தரமான, மிருதுவான நூலாக வாங்குங்கள். 8ஆம் நம்பர் ஊசி, அதாவது 4 மி.மீ. முதலில் 22 கண் போட்டுச் சின்னத் துண்டு பின்னிப் பாருங்கள். அகலம் 10 செ.மீ. வந்தால் உங்கள் கை சரி. அதிகமாக வந்தால் சின்ன ஊசி, குறைவாக வந்தால் பெரிய ஊசி.

72 கண் போடவும். 2 நிட், 2 பர்ல் என்று 3 செ.மீ. உயரம் பின்னவும். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மொத்த உயரம் 10 செ.மீ. ஆகும் வரை போகவும். இனி உச்சியில் குறைக்க வேண்டும். 6 நிட், அடுத்த 2 கண்களைச் சேர்த்து ஒரு நிட். வரிசை முழுவதும் இப்படியே. 63 கண் இருக்கும். திரும்பும் வரிசை பர்ல். அடுத்து 5 நிட், 2 சேர்த்து ஒன்று, 54 கண். இப்படியே ஒவ்வொரு நிட் வரிசையிலும் இடையில் ஒரு கண்ணைக் குறைத்துக் கொண்டே போனால் 45, 36, 27, 18 என்று வரும். கடைசியில் வரிசை முழுவதும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 9 கண் மிஞ்சும். நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, அந்த 9 கண்ணுக்குள்ளும் கோத்து இறுக்கி, அதே நூலால் பின்பக்கத்தைத் தைத்து விடுங்கள்.

பட்டன், குஞ்சம், தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம். குழந்தை வாயில் போட்டுக் கொள்ளும். வெயில் ஊர்க்காரர்கள் பருத்தி நூலில் பின்னலாம். ஆனால் வெக்கையில் தொப்பி போட்டபடி குழந்தையைத் தூங்க வைக்க வேண்டாம். உடம்பில் சூடு ஏறி விடும். நாங்கள் பின்னும் தொப்பிகளை நர்ஸம்மா மூலம் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குக் கொடுத்து விடுகிறோம்.

உடம்பையும் கவனியுங்கள்

நாற்பதைத் தாண்டினால் ஊசி முனை மங்கலாகத் தெரியும். வெள்ளெழுத்துதான். வெட்கப்படாமல் கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி போட்டுக் கொள்ளுங்கள். வெளிச்சம் தோள் பக்கத்திலிருந்து வேலையின் மேல் விழ வேண்டும். மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் கையை ஊன்றிக் கொண்டால் தோளும் கழுத்தும் வலிக்காது. அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து, விரல்களை விரித்து மூடி, நாலடி நடந்து விட்டு வாருங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப் போய் எழுப்பினால், 'பின்னினதால்தான்' என்று எண்ணெய் தேய்த்துக் கொண்டு விட்டு விடாதீர்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் அப்படி வரும். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். டாக்டரைப் பாருங்கள்.

அத்தையின் நோட்டுப் புத்தகம்

இதுவரை சொன்னதெல்லாம் எனக்குக் கிடைத்த லாபம். இனிச் சொல்லப் போவது நான் எதிர்பாராதது.

அத்தை வந்த மறு வருஷம் என்று நினைவு. ஒரு புதன்கிழமை சிட்டமாக வந்த நூலை உருண்டையாகச் சுற்ற ஆள் இல்லாமல் நாற்காலி முதுகில் மாட்டிச் சுற்றிக் கொண்டிருந்தேன். அத்தை பார்த்துக் கொண்டே இருந்தார். "இங்க குடு அம்மிணி" என்று வாங்கி இரண்டு கையிலும் மாட்டிக் கொண்டார். "என்ற ஐயன் ஊட்டுல ராட்டை இருந்துது" என்று ஆரம்பித்தார். நான் சுற்றச் சுற்ற அவர் பேசப் பேச, நாலு மணி ஆனது இருவருக்கும் தெரியவில்லை.

அன்று என் அரைமணி எழுத்தில் அதைத்தான் எழுதினேன். அடுத்த புதனும் அவரே வந்து உட்கார்ந்தார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. அவர் பிறந்த வீட்டில் இருந்த மாடுகளின் பெயர்கள், எந்த மாதம் எந்த வயலில் என்ன விதைத்தார்கள், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த மருந்துக் குழம்பு, கிணறு வெட்டியபோது பாறை வந்த கதை, இரண்டு வயதில் போய்ச் சேர்ந்த முதல் பெண் குழந்தை. அப்படி ஒரு குழந்தை இருந்ததே என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. 'காளியம்மாள்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அத்தை அதைச் சொன்னபோது கையில் மாட்டிய நூலை இறக்கவில்லை. நானும் சுற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவர் பேச்சும் நின்றிருக்கும் என்று தோன்றியது.

2022இல் அத்தையிடம் மாற்றம் தெரிந்தது. குழம்பில் இரண்டு தடவை உப்பு. மதியம் சாப்பிட்டு விட்டு 'இன்னும் சோறு போடலையா?' என்று கேட்பார். பேரனை மகன் பெயரால் கூப்பிடுவார். கோயம்புத்தூரில் டாக்டரிடம் காட்டினோம். மறதி நோய் என்றார். வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மருந்து உண்டு, முற்றிலும் குணமாக்க மருந்து இல்லை என்பதையும் சொல்லி விட்டார்.

இந்த நோயில் புதிய நினைவு முதலில் போகும், பழையது இன்னும் கொஞ்ச காலம் தங்கும். இப்போது புதன்கிழமைகளில் நான் எழுதுவதில்லை, படிக்கிறேன். அவர் சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டுகிறேன். தன் கதைதான் என்று பல நாள் அவருக்குத் தெரிவதில்லை. ஆனால் மாடுகளின் பெயர் வரும் பக்கத்தில் சிரிக்கிறார். ஒரு நாள் நான் வேண்டுமென்றே ஒரு பெயரை விட்டு விட்டுப் படித்தேன். "செவலைய உட்டுட்டயே!" என்றார். நோட்டு மூன்று முடிந்து நாலாவதில் பாதி நிறைந்திருக்கிறது. அந்தப் புதன்கிழமைகள் இல்லாவிட்டால் காளியம்மாள் என்ற பெயர் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

மாறியது இன்னொன்றும் உண்டு. முழு நாளும் ஒருவரைக் கவனித்துக் கொள்வது எவ்வளவு களைப்பு என்பது செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். 'இனிமேல் எனக்கு ஏது புதன்கிழமை' என்று நான் ஊசியை எடுத்து வைத்தபோது தடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். இப்போது புதனன்று அரை நாள் லீவு போட்டோ, மாற்று வேலை வாங்கிக் கொண்டோ வந்து விடுகிறார். முதல் ஒரு மணி நேரம் அம்மாவை அவர் பார்த்துக் கொள்கிறார். நான் பின்னுகிறேன். அடுத்த மணி நேரம் மூன்று பேரும் நோட்டுப் புத்தகத்தோடு. டீ அவர் கை டீதான். சர்க்கரை சரியாகவே இருக்கிறது!

இளம் தாய்மார்களுக்கு

'கைக்குழந்தை வைத்திருக்கிற எனக்கு இரண்டு மணி நேரமா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். உங்களுக்கு இருபது நிமிஷம் போதும். குழந்தை முதல் தூக்கம் தூங்கும்போது பாத்திரத்தை விட்டு விடுங்கள். பாத்திரம் ஓடிப் போகாது. இரண்டு வரிசை பின்னுங்கள், அல்லது குழந்தை அன்று செய்த ஒரு குறும்பை ஒரு வரியில் எழுதுங்கள். முதல் பல் எப்போது வந்தது என்பதை ஐந்து வருஷம் கழித்து எந்தத் தாய்க்கும் நினைவிருப்பதில்லை.

பக்கத்து வீட்டில் இன்னொரு இளம் தாய் இருந்தால் ஒப்பந்தம் செய்து கொள்ளுங்கள். செவ்வாயன்று அவள் குழந்தையை நீங்கள் ஒரு மணி நேரம் பாருங்கள், வியாழனன்று உங்கள் குழந்தையை அவள் பார்க்கட்டும். ஒரு முக்கியமான விஷயம். ஊசியும் நூலும் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பலோ திமிரோ அல்ல, நோய். கைவேலை மனசுக்கு ஆறுதல் தரும். ஆனால் வைத்தியத்துக்குப் பதில் ஆகாது. டாக்டரிடம் போங்கள். அரசின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை

'இதில் எவ்வளவு சம்பாதிக்கலாம்?' என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. சம்பாதிக்கலாம், சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்துக்குத் தேவையென்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஆரம்பத்திலேயே அதை விற்பனைக் கணக்கில் கொண்டு வர வேண்டாம் என்பது என் கருத்து. ஆர்டர், கெடு, பாக்கி என்று ஆகி விட்டால் அதுவும் இன்னொரு வீட்டு வேலை ஆகி விடும். ஒன்றாவது நமக்கே நமக்காக இருக்கட்டுமே!

இந்த இதழைக் கீழே வைத்ததும் காலண்டரை எடுங்கள். உங்கள் வீட்டுக்கு எந்தக் கிழமை தோதுப்படும் என்று நீங்களே பாருங்கள். புதனாக இருக்க வேண்டியதில்லை. பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். ஒரு நோட்டும் ஒரு ஜோடி ஊசியும் வாங்கி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நூலைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால், பேனாவைக் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். அவ்வளவுதான்.